போக நினைத்தால் போய்விடும்: வன்னியில் வீட்டுத் தேனீ வளர்ப்பு

வன்னியில் தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, கைத்தொலைபேசியில் பார்த்த காணொளிகளை மறப்பது. வெள்ளை உடுப்பும் வலைத்தொப்பியும் போட்ட ஒருவர் நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளைத் திறக்கிறார். ஒரு பெட்டியிலிருந்து இருபது முப்பது கிலோ தேன் எடுக்கிறார். 2015 இல் அவுஸ்திரேலியாவில் தகப்பனும் மகனுமாகச் சந்தைக்குக் கொண்டுவந்த இன்னொரு பெட்டி இருக்கிறது. திறப்பைத் திருப்பினால் குழாய்த் தண்ணீர் போலத் தேன் போத்தலுக்குள் இறங்கும். இவை எல்லாம் ஐரோப்பியத் தேனீயான அப்பிஸ் மெலிபெராவுக்கு ஆனவை. அந்தத் தேனீ இலங்கையில் இல்லை. நம்முடையது அப்பிஸ் செரானா என்ற ஆசியத் தேனீ. உடம்பு சிறியது, கூட்டம் சிறியது, தரும் தேனும் கொஞ்சம். இவற்றைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இடம் பிடிக்காவிட்டால் வதையைக் காலி செய்துவிட்டு முழுக் கூட்டமும் எழும்பிப் போய்விடும். கதவு பூட்டியும் பயனில்லை, காசு கொடுத்து வாங்கியது என்ற கணக்கும் அதற்குத் தெரியாது. வன்னியில் இந்தப் பொழுதுபோக்கின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு குணத்தைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

காட்டுப் பக்கம் போய் வந்தவர்களுக்கு நான்கு வகைப் பூச்சி தெரியும். மரப்பொந்திலும் புற்றிலும் சுவர் இடுக்கிலும் வரிசையாகப் பல வதை கட்டுவது செரானா, பொந்துத்தேன் இதனுடையது. பற்றைக் கொப்பில் உள்ளங்கையகல வதை ஒன்றை மட்டும் கட்டுவது கொம்புத்தேன், அப்பிஸ் புளோரியா. உயர்ந்த மரத்திலும் தண்ணீர்த் தாங்கிக் கோபுரத்திலும் சுளகைவிடப் பெரிய வதையைத் தொங்கவிடுவது பெருந்தேனீ, அப்பிஸ் டோர்சாட்டா. கொட்டத் தெரியாத, எறும்பளவுக் கறுப்புப் பூச்சி கொசுத்தேன். மலையகத் தோட்டங்களில் 'குளவிக் கொட்டு' என்று நம் பத்திரிகைகள் எழுதும் செய்திகள் பலவற்றில் கொட்டியது குளவியே அல்ல, பெருந்தேனீதான். பெயரைப் பிழையாக எழுதுவதால் வரும் தீங்கு சிறியதல்ல. குளவி என்றால் கொளுத்திவிடலாம் என்று ஆட்கள் நினைக்கிறார்கள்.

நான்கில் இரண்டைத்தான் வீட்டில் வைக்க முடியும். கொம்புத்தேனும் பெருந்தேனீயும் வெளிச்சத்தில், திறந்த வெளியில் ஒற்றை வதையில் வாழ்பவை. இருட்டுப் பெட்டி அவற்றுக்கு வீடாகாது. இதை நம்பாமல் ஒருவர் கடல் கடந்து வந்தார். 1880களின் தொடக்கத்தில், கனடாவைச் சேர்ந்த டி.ஏ.ஜோன்ஸ் என்ற தேனீ வியாபாரியின் முயற்சியில் பிராங்க் பெண்டன் என்ற அமெரிக்கர் இலங்கை, இந்தியா, யாவா எல்லாம் அலைந்தார். பெரிய தேனீ பெரிய தேனைத் தரும், பிடித்துக்கொண்டு போய் மேற்கில் வளர்க்கலாம் என்பது எண்ணம். அது நடக்கவில்லை. பெருந்தேனீ இன்றுவரை ஒருவருடைய பெட்டிக்கும் அடங்கவில்லை. ஜேர்மன் ஆய்வாளர்களான நிக்கோலாஸ் கோனிகரும் குட்ரூன் கோனிகரும் இலங்கையில் செய்து 1980 இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தேனீக் கூட்டங்கள் பருவத்துக்குப் பருவம் நெடுந்தூரம் இடம்மாறுவதை எழுதிவைத்தது. பூ முடிந்தால் எழும்புவது பெருந்தேனீக்கு வழமை. செரானா அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் அந்தக் குணத்தின் ஒரு துளி அதன் இரத்தத்திலும் இருக்கிறது.

கோனிகரின் பெயர் வந்ததால், தொடங்குகிறவர் சொந்த வளவிலேயே பார்க்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிக்கோலாஸ் கோனிகரும் விஜயகுணசேகர என்பவரும் 1976 இல், இலங்கையின் மூன்று தேனீ இனங்களின் ஆண் தேனீக்கள் எந்நேரத்தில் பறக்கின்றன என்று கணித்தார்கள். கொம்புத்தேனின் ஆண்கள் நண்பகல் 12 மணி முதல் 2.30 வரை, செரானாவின் ஆண்கள் மாலை 4.15 முதல் 5.15 வரை, பெருந்தேனீயின் ஆண்கள் 6 மணிக்குப் பிறகு, இருள் கவியும் முக்கால் மணி நேரம். ஒரே வானத்தில் மூன்று இனமும் கலந்துவிடாமல் இருக்க நேரத்தைப் பங்குபோட்டிருக்கின்றன. பெட்டி வைத்த புதிதில் பின்னேரம் நாலரைக்கு வாசலில் இரைச்சல் கூடினால் பயப்பட வேண்டாம். உடல் பருத்து, கண் பெரிதாக, கறுத்துத் தெரிபவை ஆண்கள். கூட்டம் பலமாக இருக்கிறது, பிரியப் பார்க்கிறது என்பதற்கு அது அடையாளம்.

தேனை எடுப்பதும் தேனீயை வளர்ப்பதும் வேறு வேறு தொழில்கள். வன்னிக்கு முதலாவது நன்றாகவே தெரியும். கண்டி அரசில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்து, 1679 இல் அநுராதபுரம் வழியாகக் காட்டுக்குள்ளால் அரிப்பு என்ற ஊருக்குத் தப்பிவந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681 இல் அச்சிட்ட நூலில் இந்த நாட்டுத் தேனீக்களைத் தனித்தனியே பெயர் சொல்லிப் பிரித்திருக்கிறார். பெருந்தேனீயின் காலம் வந்தால் ஊரே தீப்பந்தத்துடன் காட்டுக்குப் புறப்படும் என்கிறார். வேடர் மரப்பொந்தில் தேனை ஊற்றி, இறைச்சியை அதற்குள் இட்டு, மண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்திருப்பார்கள் என்றும் எழுதுகிறார். வளர்ப்பு என்று சொல்லத்தக்கது மண்பானையில் தொடங்கியது. வெறும் பானையின் உள்பக்கம் பழைய மெழுகைத் தேய்த்து, வாயைப் பலகையால் மூடி, சிறு துளை விட்டு மரக்கவரில் கட்டிவிட்டால், பிரிந்து வரும் கூட்டம் ஒன்று குடியேறும். பானையை உடைத்தோ வதையைப் பிடுங்கியோ தேன் எடுப்பார்கள். அத்துடன் அந்தக் குடி கலையும். இலங்கையின் பல பகுதிகளில் இருந்த வழக்கம் இது. கூட்டம் பிடிக்கும் பொறியாக இந்தப் பானையை இன்றைக்கும் மிஞ்ச எதுவும் இல்லை.

காட்டுத்தேனை நம்பியிருந்த வாழ்க்கை போருக்குப் பிறகு சுருங்கியது. 2009 க்குப் பின் மீளக் குடியேறியபோது, முன்பு கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த பாதைகளில் மண்டையோட்டுப் பலகை நின்றது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. வெடி இல்லாத இடத்தில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் இருக்கிறது. ஒதுக்குக் காட்டுக்குள் எதை எடுக்கவும் அனுமதி வேண்டும். போதாததற்குக் கரடி. வன்னிக் காட்டுக் கரடிக்கும் தேன் எடுக்கப் போகிறவருக்கும் போட்டி ஒரே மரப்பொந்துக்கு. அந்தப் போட்டியில் முகம் கிழிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆகவே தேனைக் காட்டிலிருந்து வளவுக்குக் கொண்டுவருவது பொழுதுபோக்காகத் தொடங்கினாலும் அதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் வளவுக்கு வந்த தேனீ எதைத் தின்னும்? கேள்வி இங்கேதான் கனக்கிறது. செரானா பெரும்பாலும் பெட்டியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்தான் மேயும். ஆகவே பெட்டி வைப்பவர் பார்க்க வேண்டியது தன் வளவை மட்டுமல்ல, கால்நடையாகப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் உள்ள எல்லா வளவுகளையும். வன்னியின் ஊர்ப்பெயர்களே ஒரு மேய்ச்சல் பட்டியல் போலத்தான் இருக்கின்றன: புளியங்குளம், வேப்பங்குளம், இலுப்பையடி, புளியம்பொக்கணை, மருதநகர். பெயர் வைத்தவர்கள் தேனை நினைத்து வைக்கவில்லை. ஆனாலும் புளி, வேம்பு, இலுப்பை, மருது ஆகிய நான்கும் தேனீ விடாது தேடும் பூ. இவற்றுடன் காட்டோரத்துப் பாலை, முதிரை, வீரை, நாவல்; வீட்டோரத்து முருங்கை, தென்னை, மா, எலுமிச்சை.

பூ எப்போது என்பதை மாதக் கணக்கில் எழுதிப் பார்த்தால் ஒரு பள்ளம் தெரியும். ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி முடியும்வரை வாடையும் ஈரமுமாக இருக்கும்; தேனீ வெளியே போக முடியாத நாட்களே அதிகம். காடு அப்போது பச்சையாகத்தான் இருக்கிறது. பச்சையைத் தேனீ தின்னாது. தையில் வெயில் திரும்பியதும் மா பூக்கும், வேலிக் கிளிசரியா இளஞ்சிவப்பாகப் பூக்கும், முருங்கை சொரியும். பங்குனி, சித்திரையில் வேம்பும் இலுப்பையும். காலபோக நெல் வெட்டிய வயலில் எள்ளு விதைத்திருந்தால் அதன் பூ இன்னொரு விருந்து. வைகாசி, ஆனியில் புளி. அதன் பிறகு சோளகம் பிடிக்கிறது. ஆடி, ஆவணி, புரட்டாதியில் நிலம் வெடித்துக் காற்று மண்ணை வாரி அடிக்கும்போது, குளக்கட்டு மருதும் தென்னையும் இல்லாத ஊரில் தேனீக்கு எதுவும் இல்லை. ஆக, ஆண்டில் இரண்டு பஞ்சம்: ஒன்று காய்ச்சலால், மற்றது மழையால். ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஏறக்குறைய ஆறு மாதம்.

இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். இரணைமடு வாய்க்கால் ஓடும் இடத்தில் சிறுபோகம் இருக்கிறது, வரம்பில் பூண்டு பூக்கிறது. பத்து மைல் தள்ளி மானாவாரிக் காணியில் அது இல்லை. அதனால் பெட்டி வாங்குவதற்கு முந்திய ஆண்டே ஒரு கொப்பியில், எந்த மரம் எந்த நாளில் பூத்தது, அதில் தேனீ இருந்ததா என்று எழுதத் தொடங்குங்கள். காசில்லாத வேலை. இதைச் செய்ய அலுப்புப்படுகிறவருக்குத் தேனீ வளர்ப்பு பின்னால் இன்னும் அலுக்கும்.

மார்த்தாண்டத்தைப் பார் என்று சிலர் சொல்வார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. 1924 இல் தொடங்கிய கிராமப் புனரமைப்பு நிலையத்தில் ஸ்பென்சர் ஹட்ச் என்ற அமெரிக்கர் வீட்டுத் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அதே செரானாத் தேனீதான். நூறு ஆண்டாகியும் அங்கே அது நிற்கிறது. ஆனால் அங்கே இறப்பர் இருக்கிறது. இறப்பர் மரம் தளிர்விடும் மாசி, பங்குனியில் அதன் இலைக்காம்பிலேயே இனிப்பு நீர் சுரக்கும். பூவுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. அந்த ஆற்று வெள்ளம் வன்னியில் இல்லை. இங்கே வருவது பல மரத்துப் பூவின் சிறு சிறு ஓடைகள். மார்த்தாண்டத்து அளவை வைத்து வன்னியில் வருமானக் கணக்குப் போடுகிற திட்ட அறிக்கைகளை எடுத்த எடுப்பில் நம்பாமல் இருப்பது நல்லது. நல்ல இடத்தில், நல்ல ஆண்டில், ஒரு பெட்டிக்கு ஐந்தாறு கிலோ வந்தால் சந்தோஷப்படலாம். முதல் ஆண்டில் ஒன்றும் எடுக்காமல் விடுபவர் இரண்டாம் ஆண்டிலும் தேனீ வைத்திருப்பார்.

பெட்டி விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1851 இல் அமெரிக்கப் போதகர் லாங்ஸ்ட்ரோத் கண்டுபிடித்தது எளிய உண்மை: வதைக்கும் சுவருக்கும் இடையில் தேனீ நடந்துபோகும் அளவுக்கு மட்டும் இடம் விட்டால் அதை அது அடைப்பதில்லை. அப்படி விட்டால் வதைச் சட்டங்களைப் புத்தகத்தாள் போல எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கலாம். இந்த யோசனையை நம் சிறிய தேனீக்கு ஏற்றபடி 1910களில் சுருக்கிச் செய்தவர் திருச்சிராப்பள்ளியில் இருந்த இயேசுசபைப் பாதிரியார் நியூட்டன். அவர் பெயரிலான பெட்டியில் கீழறையில் ஏழு சட்டங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டு அங்குல நீளம், ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம். மேலறைச் சட்டம் அதில் பாதிக்கும் குறைந்த உயரம். கீழறை குஞ்சுக்கு, மேலறை தேனுக்கு. ஐரோப்பியத் தேனீயின் பெட்டியை அப்படியே செய்து வைத்தால் நம் கூட்டம் அதற்குள் பெரிய மண்டபத்தில் தனியே விடப்பட்ட குடும்பம் போலத் திணறும். எறும்புக்கும் அந்துப்பூச்சிக்கும் காலி மூலைகள் கிடைக்கும்.

ஊர்த் தச்சரிடமே செய்விக்கலாம். மணமில்லாத, நன்றாகக் காய்ந்த பலகை. உள்ளே வர்ணம் பூசக்கூடாது. அளவு மட்டும் பிசகக்கூடாது: சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் எட்டு மில்லிமீற்றர் அளவு. தச்சர்மார் 'கொஞ்சம் கூட இருந்தால் என்ன' என்பார்கள். கூட இருந்தால் குறுக்கே வதை கட்டி எல்லாவற்றையும் ஒட்டிவிடும். இதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. ஐரோப்பியத் தேனீ மரப்பிசின் கொண்டுவந்து இடுக்கெல்லாம் பூசும். செரானாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சட்டம் இலகுவாகக் கிளம்பும்.

பெட்டியின் இடம் நிழலாக இருக்க வேண்டும், ஆனால் காலை வெயில் வாசலில் பட வேண்டும். சோளகத்துக்கு முதுகு காட்டி வாசலைக் கிழக்கே வைத்தால் இரண்டும் பொருந்தும். வாசலுக்கு நேரே ஒற்றையடிப் பாதையோ மாட்டுக் கொட்டிலோ வேண்டாம். இடுப்பளவு உயரத்தில் நாலுகால் தாங்கி; கால்கள் தண்ணீர்ச் சிரட்டையில். ஆடி மாதத்தில் அந்தச் சிரட்டை அரைநாளில் வற்றிவிடும், முசுறு ஏறிவிடும். அதனால் பலர் காலில் கழிவு ஒயில் தோய்த்த துணியைச் சுற்றுகிறார்கள். பக்கத்தில் அகன்ற சட்டியில் தண்ணீரும், நின்று குடிக்கக் கல்லும். வன்னி வெயிலில் குஞ்சறையை 35 பாகைக்கு மேல் போகாமல் வைத்திருக்கத் தேனீ தண்ணீரைக் காவிவந்து தெளித்துச் சிறகால் விசிறும். வாசலில் நின்று விசிறும் செரானா தலையை வெளியே நீட்டி நிற்கும். ஐரோப்பியத் தேனீ தலையை உள்ளே வைத்து நிற்கும். கழிவுநீர் தேங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், தண்ணீருக்கு அங்கேதான் போகும்.

கூட்டம் கிடைப்பதற்கு மூன்று வழிகள்: வாங்குவது, பானை கட்டிக் காத்திருப்பது, பொந்திலிருந்து மாற்றுவது. மலைநாட்டிலிருந்து பெட்டியோடு வாங்கி லொறியில் ஏற்றிவருவதை நான் விரும்பவில்லை. குளிரில் பழகிய கூட்டம் வன்னிக் காய்ச்சலில் தங்குவது கடினம் என்பது ஒன்று, நோய் மற்றது. 1991 வாக்கில் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்துப் பைக்குஞ்சு வைரஸ் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் செரானாப் பெட்டிகளில் மிகப் பெரும்பகுதியைக் காலி செய்தது. ஊர்த்தேனீயை ஊரிலேயே பிடிப்பதுதான் பாதுகாப்பு. தை, மாசியில் கூட்டம் பிரியும் காலத்துக்கு முன்னரே பானையைக் கட்டிவிட வேண்டும்.

பொந்திலிருந்து மாற்றுவதானால் பின்னேரத்தில் செய்ய வேண்டும். பொச்சுப் புகை மெதுவாக, கொஞ்சமாக. குஞ்சு வதைகளை மட்டும் வெட்டி, இருந்த தலைப்பக்கம் மேலேயே இருக்கும்படி சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்ட வேண்டும். இரண்டொரு நாளில் தேனீயே ஒட்டிவிட்டு நாரைக் கடித்து வெளியே போட்டுவிடும். தேன் வதையைக் கட்டக்கூடாது. அது பாரத்தில் அறுந்து விழுந்து, வழிந்து, ஊர் எறும்பை எல்லாம் அழைத்துவிடும். ராணி பெட்டிக்குள் வந்துவிட்டால் மற்றவை தாமாக வரும். ராணி நுழைய முடியாத இடுக்குள்ள தகட்டைச் சில நாட்கள் வாசலில் பூட்டி வைப்பார்கள். மகரந்தம் காலில் ஒட்டிக்கொண்டு வேலைக்காரத் தேனீக்கள் உள்ளே போகத் தொடங்கினால் தகட்டை எடுத்துவிடலாம், குடியேறிவிட்டது.

என் முதல் பெட்டி இந்த இடம் வரைக்கும் சரியாகவே வந்தது. மாசியில் பிடித்தது, ஆனியில் ஏழு சட்டமும் நிறைந்தது. மேலறையில் மூடிய வதை பளபளத்தது. ஒன்றையும் விடாமல் எடுத்தேன். இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது, நாலு வீட்டுக்குக் கொடுத்துப் பெருமைப்பட்டேன். ஆவணியில் ஆர்வக் கோளாறில் இரண்டு நாளுக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்த்தேன். மகரந்தம் வருவது நின்றது. ராணி முட்டை இடுவதைக் குறைத்தது. வெளியே போய்வரும் கூட்டம் மெலிந்தது. இவை எல்லாம் மூட்டை கட்டும் அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியாது. புரட்டாதியில் ஒரு காலை பத்து மணிக்கு இரைச்சல் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பூவரச மரத்துக்கு மேலாக ஒரு கறுப்புப் புகை போல எழும்பித் தெற்கே போனது. பெட்டிக்குள் ஒரு துளி தேன் இல்லை, ஒரு குஞ்சு இல்லை, கூட்டிப் பெருக்கியது போல் இருந்தது. பக்கத்து வளவு அப்பு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, 'சாப்பாடு இல்லாத இடத்தில் ஆர் தம்பி இருப்பினம்' என்றார். அவர் ஆறு முறை இடம்பெயர்ந்தவர்.

பிறகு புரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மேலறைத் தேனில் ஒரு பங்கைப் பஞ்சத்துக்கு விட வேண்டும். கீழறைத் தேனைத் தொடவே கூடாது. சோளகம் முற்றும்போதும் மழை நாட்களிலும் சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகை, பெட்டிக்கு உள்ளே, பொழுதுபட்ட பிறகு வைக்க வேண்டும். வெளியே வைத்தால் அயல் கூட்டங்கள் கொள்ளைக்கு வரும். பத்து நாளுக்கு ஒருதரம் பார்த்தால் போதும். ஒரு பெட்டியோடு தொடங்காமல் இரண்டோடு தொடங்க வேண்டும், ஏனென்றால் ஒன்றில் ராணி தவறினால் மற்றதிலிருந்து முட்டையுள்ள ஒரு வதையைக் கொடுத்துப் புது ராணி வளர்க்க விடலாம். ஒற்றைப் பெட்டிக்காரருக்கு அந்த வழி இல்லை. ராணி இல்லாத செரானாக் கூட்டத்தில் வேலைக்காரத் தேனீக்கள் விரைவிலேயே கருவில்லா முட்டை இடத் தொடங்கும், பிறப்பதெல்லாம் ஆண்களாக இருக்கும், கூட்டம் முடிந்துவிடும்.

எதிரிகள் பலர். மெழுகு அந்துப்பூச்சி பலமிழந்த பெட்டிக்குள்தான் வரும், ஆகவே அது நோயல்ல, நோயின் அறிகுறி. பஞ்சுருட்டான் குருவி கம்பியில் வரிசையாக இருந்து பிடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய குளவி வாசலில் வந்து நின்றால் செரானா தானே சமாளிக்கும்: நூற்றுக்கணக்கில் சூழ்ந்து உருண்டையாக மூடி உடல் வெப்பத்தாலேயே அதைக் கொன்றுவிடும். உலகமெங்கும் தேனீ வளர்ப்பவர்களை அழவைக்கும் வர்றோவா உண்ணி நம் தேனீயிடம் பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்து பழகிய விருந்தாளி. இதற்கு அதனால் பெரிய கேடில்லை. ஐரோப்பியத் தேனீயை இறக்குமதி செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே ஒரு பதில்.

மனிதன் வைக்கும் விஷத்துக்கு மட்டும் அதனிடம் மருந்தில்லை. நெற்பூவில் தேன் கிடையாது. ஆனால் முற்பகலில் நெல் பூக்கும்போது மகரந்தத்துக்குத் தேனீ வயலில் இறங்கும். வரம்புப் பூண்டுகளில் தேனுக்கும் நிற்கும். அதே காலை நேரத்தில்தான் முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்க இறங்குகிறார்கள். மாலையில் அடித்தால் நெல்லுக்கு நட்டமில்லை, தேனீக்குப் பாதி உயிர் மிஞ்சும். தேனீயைக் கொல்வதில் பேர்போன நியோனிக்கொற்றினொயிட் வகையில் மூன்று மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் தடைபோட்டது. நம் கடைகளில் போத்தலின் படத்தைக் காட்டித்தான் மருந்து வாங்குகிறோம். பெட்டி வைப்பவர் தன் அயலவரோடு பேசியாக வேண்டும். பூசணி, வத்தகப்பழம், வெள்ளரி போட்டவரிடம் பேசுவது இலகு. அந்தப் பூக்கள் காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். தேனீ வராவிட்டால் பிஞ்சு கோணிப்போகும் அல்லது உதிரும் என்பதை அவர் கண்ணால் கண்டிருப்பார். வேலிக்கு இரு பக்கமும் ஆதாயம் உண்டென்று தெரிந்தால் மருந்தடிக்கும் நாளை முதல் நாளே சொல்வார்கள். அன்று வாசலை ஈரச்சாக்கால் மூடிவைக்கலாம்.

கொட்டுவதைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். கொட்டும். செரானா சாதுதான், ஆனாலும் கொட்டும். கொடுக்கைக் கிள்ளி இழுக்காமல் நகத்தால் வழித்து எடுக்க வேண்டும். பிந்தப் பிந்த நஞ்சு இறங்கும். கொட்டிய இடத்தில் எழும் மணம் வாழைப்பழ மணத்தை ஒத்தது, அது மற்றத் தேனீக்களை அழைக்கும் எச்சரிக்கை. ஆகவே வாழைப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள். மூச்சு இரைத்து, உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்தால் அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி. முன்பு அப்படி வந்தவர்கள் பெட்டி வைக்கவே கூடாது. அவர்களுக்கும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் கொசுத்தேன் இருக்கிறது. மூங்கிற் குழாயிலும் சிறு மண்முட்டியிலும் கேரளத்தவர் வைப்பது போல வைக்கலாம். ஆண்டுக்கு ஒரு சின்னப் போத்தல் நிறைந்தால் அதிகம், ஆனால் கொட்டாது, எளிதில் ஓடாது. உண்மையைச் சொன்னால் வன்னியில் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒருவரும் கேட்பதில்லை.

யானை வேலி பற்றியும் இப்போது பேச்சு அடிபடுகிறது. கென்யாவில் லூசி கிங் தொடங்கிய முறை அது: தோட்டத்தைச் சுற்றிக் கம்பியில் பெட்டிகளைத் தொங்கவிட்டால், கம்பியில் யானை முட்டும்போது தேனீ கலைந்து அதை விரட்டும். 2018 இல் அவரும் இலங்கை ஆய்வாளர்களும் உடவளவையில் கலைந்த தேனீக்களின் இரைச்சலை ஒலிபரப்பி, நம் யானைகளும் பின்வாங்குவதைக் காட்டினார்கள். வவுனியா வடக்கிலும் முல்லைத்தீவிலும் இரவிரவாக வெடி கொளுத்திக் காவலிருக்கிறவர்களுக்கு இது இனிக்கும் செய்தி. ஆனால் பெட்டியில் இருக்கப்போவது பெருந்தேனீ அல்ல, சாதுவான செரானா. யானை வருவது தேனீ பறக்காத இரவில். ஆடி, ஆவணியில் பாதிப் பெட்டி காலியாக இருக்கும். இரண்டு பெட்டியை இரண்டு ஆண்டு காப்பாற்றத் தெரிந்தவர் பிறகு வேலியை யோசிக்கலாம்.

கற்றுக்கொள்ள இடம் எங்கே? விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவவில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர் மனதில் தேன் வருவதில்லை. 2000 ஒக்ரோபர் 25 இல் அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். அதே ஊர்ப்பெயரோடுதான் இந்த நாட்டின் தேனீ அறிவும் சேர்ந்திருக்கிறது. செரானாவை இலங்கையின் பருவமழைச் சூழலில் நிர்வகிப்பது பற்றி ஆர்.டபிள்யூ.கே.புஞ்சிஹேவா எழுதி 1994 இல் விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ஆங்கில நூல்தான் நம் தேனீக்கென்றே எழுதப்பட்டவற்றில் முக்கியமானது. வடக்கில் முதல் கதவு உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியர். பயிற்சி வகுப்பு எப்போது என்று அவருக்குத் தெரியும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடமும் இருக்கிறது. வன்னியின் பூக்காலத்தை ஊர் ஊராக எழுதிவைக்கும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

தேனைப் பற்றிக் கடைசியாக. முக்கால்வாசி அறைகள் மெழுகால் மூடப்பட்ட பிறகுதான் வதையை எடுக்க வேண்டும். மூடாத தேனில் தண்ணீர் கூட, புளித்துவிடும். சர்வதேசத் தரம் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரத்தை ஏற்பதில்லை. கையால் பிழிந்தால் குஞ்சும் மகரந்தமும் சேரும். சுழற்றி எடுத்தால் வதை மிஞ்சும், தேனீக்கு மெழுகு கட்டும் வேலை மிச்சம். தெருவோரத்தில் போத்தலில் வாங்கும் தேன் கலப்படமா என்று நெருப்புக்குச்சியைத் தோய்த்தும், தண்ணீரில் விட்டும், எறும்பு மொய்க்கிறதா என்றும் பார்க்கிறார்கள். தடித்த சீனிப்பாகும் இந்தச் சோதனைகளில் தேறிவிடும். ஆய்வுகூடம் தவிர நம்பத்தக்க வழி ஒன்றே, எடுத்தவரைத் தெரிந்திருப்பது. எவ்வளவு நல்ல தேனானாலும் ஒரு வயதாகாத குழந்தையின் நாக்கில் தடவக்கூடாது. அதில் இருக்கக்கூடிய பொற்றுலிசக் கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, குழந்தையைக் கொல்லக்கூடும்.

என் காலிப் பெட்டியை நான் எரிக்கவில்லை. பழைய வதையைச் சுரண்டி, மெழுகை உருக்கிச் சட்டத்தில் பூசி, பூவரசின் கீழேயே விட்டேன். அடுத்த மாசியில் ஒரு நாள் இரண்டு மூன்று தேனீ வாசலில் நுழைந்து நுழைந்து பார்த்தன. மறுநாள் முப்பது நாற்பது வந்தன. மூன்றாம் நாள் வானம் இரைந்தது. இப்போது அதன் பக்கத்தில் இரண்டாவது பெட்டியும் இருக்கிறது. ஆனியில் நான் எடுத்தது முக்கால் போத்தல்.